படகுக்காரன் செய்த குற்றம்

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஆறு. மளிகைக் கடை அக்கரையில். பெட்ரோல் அங்கே. சம்பாத்தியம் தருகிற வாடிக்கையாளரும் அங்கேதான். தண்ணீர் குறைந்த நாளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே போய்விடுவீர்கள். உங்கள் தாத்தாவும் அப்படித்தான் போனார்.

ஒருநாள் காலையில் வந்து, 'இனிமேல் இந்த வழியாக அக்கரைக்குப் போகக்கூடாது' என்கிறார்கள். மீறினால் 5,000 டாலர் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை. ஏன் என்று கேட்கிறீர்கள். 'மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இரண்டு கட்டடங்களை இடித்துவிட்டார்கள்' என்று பதில் வருகிறது.

கதை விடுகிறான் என்று நினைக்காதீர்கள். மெக்ஸிகோவின் கோவாவிலா மாநிலத்தில் போக்கியாஸ் தெல் கார்மென் என்று ஒரு குக்கிராமம். எதிரே ரியோ கிராண்டே ஆறு. ஆற்றைத் தாண்டினால் அமெரிக்கா, டெக்ஸாஸ் மாநிலம், பிக் பெண்ட் தேசியப் பூங்கா. 1848ல் போட்ட ஒப்பந்தத்தில் இந்த ஆறு எல்லையானது. ஆனால் தேசப்படத்தில் கோடு போட்டதைப் பற்றி ஆறும் கவலைப்படவில்லை, ஊரும் கவலைப்படவில்லை. பூங்காவைப் பார்க்க வந்த அமெரிக்கர்கள் துடுப்புப் படகில் இக்கரைக்கு வருவார்கள். கழுதையில் ஏறி ஊருக்குள் போவார்கள். சாப்பிடுவார்கள், குடிப்பார்கள், கைவினைப் பொருள் ஏதாவது வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஊர்க்காரர்கள் அந்தக் காசை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போய் சாமான் வாங்கி வருவார்கள். இந்த விஷயம் எந்த அதிகாரிக்கும் தெரியாத ரகசியமல்ல.

2001 செப்டம்பரில் நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. 2002 மே மாதம் இந்தத் துறையை மூடினார்கள்.

நான் காமர்ஸ் படித்தவன். எந்தச் செலவைப் பார்த்தாலும் இது யார் கணக்கில் பற்று எழுதப்பட்டது என்று தேடுவது எங்களுக்குப் பழக்கம். செப்டம்பர் 11 தாக்குதலில் ஈடுபட்ட 19 பேரும் அமெரிக்காவுக்குள் எப்படி வந்தார்கள்? விசா வாங்கி, விமானத்தில் வந்து இறங்கினார்கள். ஒருவர்கூட துடுப்புப் போட்டு வரவில்லை. விமான நிலையங்களில் ஷூவைக் கழற்றச் சொன்னார்கள். விமானங்களை நிரந்தரமாக நிறுத்தவில்லை. படகை நிறுத்தினார்கள். விமானத்தை நிறுத்தினால் பெரிய மனிதர்கள் சண்டைக்கு வருவார்கள். படகை நிறுத்தினால் யார் வரப்போகிறார்கள்?

இருநூறு பேருக்கு மேல் இருந்த ஊர், நூறு பேர் அளவுக்குச் சுருங்கியது. இருந்தவர்கள் சாமான் வாங்க, சொந்த நாட்டுக்குள் இருக்கும் மூஸ்கிஸ் என்ற ஊருக்கு 240 கிலோமீட்டர் போகவேண்டும், பெரும்பகுதி அன்று மண் சாலை. கைத்தொழில் தெரிந்தவர்கள் செப்புக் கம்பியில் தேள், பறவை என்று செய்து, விலைச் சீட்டு ஒட்டி, அக்கரைப் பாறைமேல் வைத்துவிட்டு வந்தார்கள். பக்கத்தில் காசு போட ஒரு டப்பா. பிடித்தவர்கள் எடுத்துக்கொண்டு, மனசாட்சிப்படி காசு போடவேண்டும். வாங்கினால் அது கடத்தல் சரக்கு, பறிமுதல் செய்வோம் என்று பூங்கா நிர்வாகம் எச்சரித்தது. ராணுவத்துக்கு உலகிலேயே அதிகம் செலவழிக்கும் தேசம், கம்பித் தேளைப் பார்த்துப் பயந்தது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. இந்த எல்லைக் கிராமங்களின் ஆண்களுக்கு 1990களிலேயே பயிற்சி கொடுத்து, காட்டுத்தீ அணைக்கும் குழு ஒன்றை அமெரிக்கப் பூங்காக்காரர்களே அமைத்திருந்தார்கள். பெயர், லோஸ் தியாப்லோஸ். பிசாசுகள் என்று அர்த்தம். துறையை மூடிய பிறகும் இந்தக் குழுவைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அதற்கு மட்டும் தனி ஏற்பாடு. அமெரிக்கக் காடு எரியும்போது ஆற்றைத் தாண்டி வரலாம். பிள்ளைக்குப் பால் பவுடர் வாங்க வரக்கூடாது. இந்த நியாயம் உங்களுக்குப் புரிகிறதா? எனக்குப் புரியவில்லை.

'ஏன் சார், ஒரு நாட்டுக்குப் பாதுகாப்பு வேண்டாமா? அந்த எல்லையில் போதை மருந்து கடத்தல் நடக்கவில்லையா?' என்று கேட்பீர்கள். நடக்கிறது. பாதுகாப்பு கட்டாயம் வேண்டும். சோதனை போடட்டும், பெயரை எழுதிக்கொள்ளட்டும். யார் வேண்டாம் என்றது? சோதனை போடுவது வேலை. மூடிவிடுவது சோம்பேறித்தனம்.

நான் சொல்லவில்லை, அவர்களே ஒப்புக்கொண்டார்கள். 2013 ஏப்ரலில் துறையைத் திறந்தார்கள். எப்படி? கோட்டை கொத்தளம் எதுவும் கட்டவில்லை. ஒரு சின்ன அலுவலகம், பாஸ்போர்ட்டைப் படிக்க ஒரு இயந்திரம், ஒரு தொலைபேசி. எல் பாஸோ நகரத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி தொலைபேசியில் கேள்வி கேட்பார். பதில் சொல்லிவிட்டுப் போகலாம். அவ்வளவுதான். படகுக்குப் போகவர 5 டாலர். ஒரு இயந்திரமும் ஒரு தொலைபேசியும் வைக்க 11 வருஷம். அதற்குள் பாதி ஊர் காலி.

திறந்த கதவும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி திறக்கவில்லை. பாஸ்போர்ட் உள்ள அமெரிக்கர் மத்தியானச் சாப்பாட்டுக்கு இக்கரை வந்து போகலாம். சாப்பாடு பரிமாறுகிறவர் அக்கரைக்குப் போக பாஸ்போர்ட்டும் விசாவும் வேண்டும். அந்த வனாந்தரத்தில் இருப்பவர் எந்த ஊர் அலுவலகத்தில் போய் வரிசையில் நிற்பார்? கம்பித் தேள்கள் மறுபடி பாறைமேலேயே உட்கார்ந்தன.

சரி, பாடம் கற்றார்களா? 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. அவசியமற்ற பயணம் என்று சொல்லி தரை வழியை அடைத்தார்கள். இந்தத் துறையும் மூடப்பட்டது. அதே காலத்தில் மெக்ஸிகோவிலிருந்து விமானத்தில் அமெரிக்கா போக அந்தத் தடை இல்லை. டிக்கெட் வாங்க வசதி உள்ளவரைக் கிருமி தொற்றாது போலிருக்கிறது! 2021 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள். முதல் தடவை 11 வருஷம், இரண்டாவது தடவை ஒன்றரை வருஷத்துக்கு மேல். இரண்டு தடவையும் விமானத்துக்கு ஒரு சட்டம், படகுக்கு ஒரு சட்டம்.

எங்கோ இருக்கும் ஊர்தானே என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 'பாதுகாப்பு கருதி மூடப்பட்டுள்ளது' என்ற பலகையை அடுத்த முறை எங்கே பார்த்தாலும், அந்த வழியாகத் தினமும் போய்வந்தது யார், அவரை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்று மட்டும் விசாரியுங்கள்.

போக்கியாஸ்காரர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு அமெரிக்காவில் ஓட்டு இல்லை. சொந்த நாட்டில் இருக்கிற நூறு ஓட்டை மெக்ஸிகோ சிட்டியில் யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அடுத்து உலகின் எந்த மூலையில் எது இடிந்தாலும், முதலில் கரையேற்றிக் கட்டப்போவது அந்தப் படகைத்தான்.