16 எம்பி என்னும் பழைய முகவரி

சர்வர் விழுந்த பிறகுதான் பல இடங்களில் கிராஷ்கெர்னல் வரியைத் திறந்து பார்க்கிறார்கள். விழுந்த நேரத்து நினைவகப் பதிவான டம்ப் இருக்க வேண்டிய கோப்பகம் காலியாக இருக்கும். பூட் லாக்கில் மேலே போனால், கேட்ட இடம் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதால் ஒதுக்க முடியவில்லை என்று கெர்னல் அப்போதே எழுதி வைத்திருக்கும். யாரும் படிக்கவில்லை. பூட் வரியில் இருப்பது பெரும்பாலும் "கிராஷ்கெர்னல்=64எம்@16எம்", அதாவது 16 எம்பி முகவரியில் 64 எம்பியை ஒதுக்கு என்பது; ஏதோ பழைய கையேட்டிலிருந்து நகலெடுத்தது.

அந்த வரி ஒரு காலத்தில் சரியாகத்தான் இருந்தது. 2005-இல் 2.6.13 பதிப்புடன் டம்ப் எடுக்கும் கேடம்ப் வசதி வந்தபோது எக்ஸ்86 லினக்ஸ் கெர்னல் 1 எம்பியில் ஏறும். விழுந்த கெர்னலின் நினைவகத்தைக் கலைக்காமல் பதிவு செய்ய, இரண்டாவது கெர்னல் வேறு இடத்தில் நிற்க வேண்டும். அதற்காகவே கெர்னல் ஏறும் முகவரியான பிசிக்கல் ஸ்டார்ட் மதிப்பை 16 எம்பிக்கு மாற்றித் தனியாக ஒரு கெர்னலைக் கட்டினோம். 2007-இல், ஒரே கெர்னல் வெவ்வேறு முகவரிகளில் ஏற இடம்தரும் ரீலொக்கேட்டபிள் வசதி வந்து அந்த வேலையை ஒழித்தது. 2009-இல், 2.6.31-இல், முதன்மைக் கெர்னலே அந்த வரி கேட்கும் அதே 16 எம்பிக்குக் குடிபெயர்ந்தது.

குடிபெயர்ந்ததற்கு வலுவான காரணங்கள் உண்டு. முதல் 1 எம்பிக்குள் விஜிஏ, பயாஸ் பகுதிகள் கிடக்கின்றன. அவற்றின் கேஷ் விதிகள் சாதாரண ரேமின் விதிகளிலிருந்து மாறுபடும். அதனால் முதல் 2 எம்பியை ஒரே பக்கமாக மேப் செய்ய முடியாது, 4 கேபி துண்டுகளாக உடைக்க வேண்டும். அங்கே கெர்னல் கோடு இருந்தால் டிஎல்பி வீணாகும். சில பழைய போர்டுகளில் 15 எம்பிக்கும் 16 எம்பிக்கும் இடையே நினைவகத்தில் ஓட்டை. 16 எம்பிக்குக் கீழே உள்ளதெல்லாம் ஐஎஸ்ஏ டிஎம்ஏ மண்டலம், அதைக் கெர்னல் தின்றுவிடக் கூடாது. கான்பிக் கோப்பில் பிசிக்கல் ஸ்டார்ட் எண்ணைக் குறைக்க நினைப்பவர்கள் இந்த மூன்றுக்கும் தங்கள் போர்டில் பதில் வைத்திருக்க வேண்டும்.

ரீலொக்கேட்டபிள் கெர்னலுக்கு இன்று பிசிக்கல் ஸ்டார்ட் வெறும் கீழ் எல்லை. 4.8 பதிப்பிலிருந்து 64 பிட் எக்ஸ்86-இல் பௌதிக முகவரியும் மெய்நிகர் முகவரியும் தனித்தனியாகக் குலுக்கப்படுகின்றன; 4.12-இலிருந்து இந்தக் குலுக்கல், அதாவது கேஏஎஸ்எல்ஆர், இயல்பாகவே இயங்குகிறது. 16 எம்பிக்கு மேல் எங்கு வேண்டுமானாலும் கெர்னல் அமரலாம். இந்த நிலையில் @ போட்டு முகவரியைக் கட்டாயப்படுத்துவது முன்பைவிட ஆபத்து. சோதனை பூட்டில் இடம் கிடைத்துவிடும். மாதங்கள் கழித்து ஒரு பூட்டில் கெர்னல் அதே இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும். நினைவகம் குறைவான விஎம்களில் இந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். அளவை மட்டும் கொடுங்கள், இடத்தைக் கெர்னல் தேடிக்கொள்ளட்டும்.

சொந்தமாக பூட்லோடர் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள்: தலைப்பைப் படியுங்கள். பூட் நெறிமுறை 2.10-இலிருந்து பிஇசட்இமேஜின் தலைப்பிலேயே விரும்பும் முகவரி, சீரமைப்பு, விரிவதற்குத் தேவையான அளவு மூன்றும் இருக்கின்றன. கோப்பின் அளவை மட்டும் பார்த்து இனிட்ஆர்டியை ஒட்டி வைத்தால், கெர்னல் விரியும்போது அதன்மேல் எழுதிவிடக்கூடும். ஆர்ம்64-இலும் தலைப்பைப் படிக்க வேண்டும்: முன்பு 2 எம்பி எல்லையிலிருந்து 512 கேபி தள்ளி வைத்தோம், இன்றைய இமேஜில் அந்தத் தள்ளல் சுழியம்.

டம்பைப் படிக்க வசதி என்று உற்பத்திச் சர்வர்களில் குலுக்கலை நிறுத்தும் நோகேஏஎஸ்எல்ஆர் போட்டுவைக்கும் வழக்கத்தையும் விட வேண்டும். குலுக்கலில் எவ்வளவு நகர்ந்தது என்பது டம்போடு வரும் விஎம்கோர்இன்போவிலேயே பதிவாகிறது. கிராஷ் கருவி அதை எடுத்துக்கொள்ளும். பாதுகாப்பை இழந்து நாம் பெறுவது ஒன்றுமில்லை.

சர்வரை ஒப்படைக்கும் முன் ரூட்டாக நுழைந்து, ப்ராக்கின் கீழுள்ள ஐஓமெம் கோப்பில் "கெர்னல் கோட்", "கிராஷ் கெர்னல்" வரிகளைப் பாருங்கள். சாதாரணப் பயனருக்கு அங்கே சுழியங்கள்தான் தெரியும். கிராஷ் கெர்னல் வரியே இல்லையென்றால் ஒதுக்கீடு நடக்கவில்லை. வரி இருந்தாலும் அதோடு நிறுத்தாதீர்கள். சிஸ்ஆர்க்யூ வழியாக இயந்திரத்தை வேண்டுமென்றே ஒருமுறை விழவைத்து, டம்ப் முழுதாக எழுதப்பட்டதா என்று பார்த்த பிறகு கையெழுத்திடுங்கள்.