சிங்கத்தையும் புலியையும் சாட்சிக்கு அழைக்காதீர்

மாமல்லபுரத்தை அடுத்த எங்கள் பங்கில் அண்மையில் ஒரு திருமண ஓலை வாசிக்கப்பட்டது. மணமகன் ஒரு சாதி, மணமகள் வேறு சாதி. இருவரும் ஒரே தொட்டியில் திருமுழுக்குப் பெற்றவர்கள். திருப்பலி முடிந்ததும் பெரியவர் ஒருவர் கைப்பேசியில் ஒரு 'லைகர்' படத்தைக் காட்டினார். "சாமி, சிங்கத்தையும் புலியையும் சேர்த்தார்கள், பிறந்தது வாரிசற்ற விந்தை. இனத்துக்கு இனம் கடவுள் போட்ட எல்லை அல்லவா?" என்றார். அவருடைய வயதை மதிக்கிறேன், வாதத்தை மறுக்கிறேன்.

முதலில் செய்தியே பாதிதான் உண்மை. கல்கத்தா அலிப்பூர் விலங்குக் காட்சிசாலையில் 1971-இல் புலித் தந்தைக்கும் சிங்கத் தாய்க்கும் ருத்ராணி என்னும் 'டைகான்' பிறந்தது. இத்தகைய கலப்பில் பிறக்கும் ஆண் விலங்குகள் மலடாவது உண்மை. ஆனால் ருத்ராணியோ தேவவிரதன் என்ற ஆசியச் சிங்கத்துடன் கூடி ஏழு குட்டிகளை ஈன்றது. அவற்றுள் 1979-இல் பிறந்த குபனாகான் 363 கிலோ எடைக்கு வளர்ந்து, 1991-இல் மடிந்தது.

அடுத்து, 'இனம்' என்ற சொல்லில் ஒளிந்திருக்கும் ஏமாற்று. சிங்கமும் புலியும் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துபோன இரு வேறு உயிரினங்கள். மனிதர் அனைவரும் ஓர் உயிரினம். விலங்கினத்தைக் குறிக்கும் சொல்லைச் சாதிக்கும் சூட்டிவிட்டு, விலங்கின் விதியை மனிதன்மேல் சுமத்துவது என்ன நியாயம்? தொடக்கநூலின் முதல் அதிகாரத்தை நிதானமாகப் படியுங்கள். செடிகொடிகளும் விலங்குகளும் தத்தம் இனத்தின்படி தோன்றுகின்றன. மனிதனிடம் வரும்போது அச்சொல் இல்லை. இறைச்சாயல் மட்டுமே உண்டு.

அப்படியானால் அலிப்பூரில் தவறே நிகழவில்லையா? நிகழ்ந்தது. ஆனால் அது விலங்குகளின் தவறன்று. நம் நாட்டுக் காட்டுச் சிங்கங்கள் குஜராத்தின் கிர் பகுதியில் வாழ்கின்றன. புலிகளின் காடுகள் வேறு. காட்டில் நேராத உறவைக் கம்பிகளுக்குள் அடைத்து உண்டாக்கியது மனிதனின் வேடிக்கை ஆசை. 1985-இல் நம் நாடு இத்தகைய கலப்புப் பெருக்கத்தைத் தடைசெய்தது. நமக்கு அருகிலுள்ள வண்டலூர்ப் பூங்கா திறக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். காட்சிக்காக ஓர் உயிரைப் படைப்பது காப்பதாகாது என்பதே அத்தடையின் பாடம்.

இப்பாடத்தைத் திருமணத்தோடு ஒப்பிட வேண்டுமென்றால் முழுமையாக ஒப்பிடுவோம். யாரோடு கூடுவது என்பதை அங்கே கூண்டின் சொந்தக்காரன் முடிவு செய்தான். திருச்சபையோ மணமக்களை நோக்கி, முழு மனச் சுதந்திரத்துடன் வந்தீர்களா என்றே முதலில் கேட்கிறது. விரும்பி வந்த இருவரைத் தடுத்து, 'நம் சாதிக்குள்தான்' என்று கதவைச் சாத்துபவர் அன்றோ கூண்டுக்காரர்!

பெரியவரே, அந்த ஊமை விலங்குகளைச் சாட்சிக்கு அழைக்காதீர். வாய் திறந்தால் அவை நமக்கு எதிராகவே சாட்சி சொல்லும்.