ரூபாயால் வகுத்தால் விறகு தெரியாது

2022இல் இலங்கையின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 7 சதவீதத்துக்கும் மேல் சுருங்கியது. மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு. டீசலுக்கு நீண்ட வரிசை. இப்படியான ஆண்டில் சக்திப் பாவனை உற்பத்தியைவிட வேகமாக விழுந்தால், நாட்டின் சக்திச் செறிவு, அதாவது ஓர் அலகு உற்பத்திக்குச் செலவாகும் சக்தி, குறைந்ததாகவே கணக்குக் காட்டும். அதைச் சிக்கனம் என்று சக்திக் கணக்காய்வுத் துறையில் உள்ள நாம் எவரும் அறிக்கையில் எழுதக் கூடாது.

தொழிற்சாலை மட்டத்திலும் இதே மயக்கம் உண்டு. கண்டியைச் சுற்றி கலஹா, தெல்தோட்டை, புசல்லாவை எங்கும் தேயிலைத் தொழிற்சாலைகள். 2021இன் இரசாயன உரத் தடைக்குப் பின் கொழுந்து வற்றியது. நாட்டின் தேயிலை உற்பத்தி அவ்வாண்டின் 29.9 கோடி கிலோவிலிருந்து 2022இல் 25.1 கோடியாக இறங்கியது. கொழுந்து பாதியாக வந்தாலும் உலையைச் சூடேற்றத்தான் வேண்டும், வாட்டல் தொட்டியின் மின்விசிறி ஓடத்தான் வேண்டும். ஆகவே கிலோ தேயிலைக்கான சக்தி ஏறும். ஆனால் அதே ஆண்டில் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்வரை போனது. கொழும்பு ஏலத்தில் சராசரி விலை ஏறத்தாழ இரட்டித்தது. விற்பனை ரூபாயால் வகுத்தால் அதே தொழிற்சாலை சிக்கனமாகிவிட்டதாகத் தோன்றும்!

தேசியக் கணக்கு நிலையான விலையில் போடப்படுவதால் இந்தப் பிழை அங்கே குறையும். ஆனால் வேறொரு பிழை நுழையும். பொல்கொல்லை அணைக்கட்டில் திருப்பப்படும் மகாவலி நீர் 1976 முதல் உக்குவளையில் மின்சாரமாகிறது. சர்வதேச எரிசக்தி முகவரகத்தின் முறைப்படி அங்கே பிறக்கும் ஓர் அலகு முதன்மைச் சக்தியில் 3.6 மெகாஜூல். வறட்சியில் அதே அலகு நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்திலிருந்து வந்தால் சுமார் 10 மெகாஜூல். எந்தத் தொழிற்சாலையும் ஒரு மோட்டாரைக்கூட மாற்றாமலே நாட்டின் செறிவு உயரும். நீர்மின்சாரத்தை எரிபொருள் நிகராக மாற்றி எழுதினால் இந்த ஏற்றம் பெரும்பாலும் மறைந்துவிடும். எந்த முறை என்று சொல்லாமல் இரு ஆண்டுகளை ஒப்பிடுவது வீண்.

மீண்டும் தொழிற்சாலைக்கு வருவோம். தேயிலைத் தொழிற்சாலையில் சக்தியின் பெரும்பங்கு உலர்த்திக்குப் போகும் வெப்பம். அது விறகு. அதைத்தான் நாம் மிக அசட்டையாக அளக்கிறோம். லொறியில் வருவதைக் கன மீற்றரில் வாங்கி, அப்படியே புத்தகத்தில் ஏற்றுகிறோம். பாதி எடை நீராக உள்ள பச்சை விறகு கிலோவுக்கு சுமார் 8 மெகாஜூல் தரும். ஈரம் 20 சதவீதமாகக் காய்ந்தது 14க்கு மேல். ஒரே அளவு அடுக்கு, ஆனால் உலைக்குக் கிடைக்கும் வெப்பம் ஒன்றல்ல. மழைக்கு நனையும் திறந்தவெளிக் குவியலை வைத்துக்கொண்டு புதிய உலர்த்திக்குக் கடன் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. முதலில் கூரை போடுங்கள்.

கணக்காய்வுக்குப் போகும் நண்பர்களிடம் நான் கேட்பது இதுதான். மாதந்தோறும் கொழுந்து வரவு, தயாரித்த தேயிலை, மின் அலகு, விறகின் எடை, ஈரப்பதம் ஆகிய ஐந்தும் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ரூபாய்க் கணக்கை அதன் பின் இணையுங்கள். கொழுந்து குறைந்த மாதங்களைத் தனியே காட்டுங்கள். உலர்த்தியை எத்தனை நாளுக்கு ஒருமுறை மூட்டுவது என்ற முடிவு அந்த மாதங்களில்தான் எடுக்கப்படுகிறது.