பால்ஃப்ரன் டவர்: காக்கப்பட்டது எது?

ஜேம்ஸ் பாண்ட் நாவல் ஒன்றின் வில்லனுக்குத் தம் பெயரைப் பறிகொடுத்தவர் என்ற அளவில்தான் எர்னோ கோல்ட்ஃபிங்கரைப் பலரும் அறிந்திருப்பார்கள். (வழக்குத் தொடுக்கப்போவதாக அவர் மிரட்டியதும் உண்டு.) 1902இல் புடாபெஸ்டில் பிறந்து லண்டனில் குடியேறிய இக்கட்டடக்கலைஞர், கிழக்கு லண்டனின் பாப்லரில் ஏழைத் தொழிலாளருக்காக எழுப்பிய பால்ஃப்ரன் டவரின் கதை, நாவலைவிடக் கசப்பானது.

இடிக்கப்பட்ட தெருக்களின் மக்களுக்காகப் பொதுப்பணத்தில் 1965-67இல் கட்டப்பட்டது அது. 26 மாடிகள், 146 வீடுகள், பூச்சில்லாத கான்கிரீட். மின்தூக்கிகளும் குப்பைக்குழாயும் தனியே ஒரு மெலிந்த கோபுரத்தில் அமைய, மூன்று மாடிக்கொரு பாலம் அதை வீடுகளோடு இணைத்தது; இயந்திர இரைச்சல் உறங்குபவரை எட்டாது. பழைய தெருக்காரர்களை இயன்றவரை ஒன்றாகவே குடியமர்த்தினர். 1968இல் கோல்ட்ஃபிங்கரே மனைவி அர்சுலாவுடன் உச்சி மாடியில் இரண்டு மாதம் வாடகைக்கு இருந்து, அண்டைவீட்டாரை விருந்துக்கழைத்துக் குறைகளைக் கேட்டறிந்தார். வெறும் விளம்பரம் என்றார்கள். இருக்கட்டுமே, தாம் வரைந்த ஏழைகளின் வீட்டில் உறங்கிப் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

அதே ஆண்டு மே மாதம் கிழக்கு லண்டனிலேயே ரோனன் பாயின்ட் என்ற குடியிருப்பின் ஒரு மூலை எரிவாயு வெடிப்பில் சரிந்து நால்வர் மாண்டனர். உயர்ந்த குடியிருப்புகள் மீதான நம்பிக்கையும் அத்தோடு சரிந்தது. பால்ஃப்ரன் பல்லாண்டு அவலட்சணம் என்று ஏசப்பட்டது.

பிறகு ரசனை மாறியது. 1996இல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவிக்கப்பட்டு, 2015இல் மேலும் உயர்ந்த தகுதி பெற்றது. ஆனால் 2007இல் அது உள்ளாட்சியிடமிருந்து ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்குக் கைமாறியிருந்தது. புதுப்பிப்பதற்காகக் குடித்தனக்காரர்கள் வெளியேற்றப்பட்டனர்; வீடுகள் அனைத்தும் தனியார் சந்தைக்குப் போயின. இடையில், 2014இல், கோல்ட்ஃபிங்கர் வசித்த 130ஆம் எண் வீட்டை 1968ஆம் ஆண்டுக் கோலத்தில் ஒப்பனை செய்து பார்வையாளருக்குத் திறந்துவைத்தார்கள். வாழ்ந்தவர்களை அனுப்பிவிட்டு அவர்கள் வாழ்ந்த விதத்தைக் காட்சிக்கு வைப்பதை மரபுப் பாதுகாப்பு என்று ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சன்னல்களின் மூலச் சட்டங்களை மாற்றியதற்குக் கட்டடக்கலை ஆர்வலர்களிடமிருந்து கண்டனம் எழுந்தது. நியாயமான கண்டனம்தான். ஆனால் சன்னலுக்கு இருந்த சட்டப் பாதுகாப்பு, அதன் வழியே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இல்லை. பொதுக் குடியிருப்பில் வாடகைக் குடித்தனம் என்பது கட்டடத்துக்கு வெளியே நிற்கும் சங்கதியன்று. தூணும் பாலமும் போல வடிவமைப்பின் உறுப்பு. இது நடவாத காரியமும் அல்ல: மேற்கு லண்டனில் 1972இல் அவரே கட்டிமுடித்த ட்ரெலிக் டவரும் பாதுகாக்கப்பட்ட கட்டடமே, அங்கே உள்ளாட்சியின் வாடகைதாரர்கள் இன்னும் குடியிருக்கிறார்கள்.