கால் வலிக்கிறது என்று ஏன் சொல்லவில்லை?

நம் பெண் சாஃப்ட்பால் ஆடுகிறாள் என்றால் ஊரிலிருந்து வரும் உறவினர்கள் "அது என்ன விளையாட்டு?" என்று கேட்பது வழக்கம். கிரிக்கெட் தெரியும், கபடி தெரியும், இது தெரியாது. என் இளைய மகள் பள்ளி அணியில் சேரும் வரை நானும் கேள்விப்பட்டவன் அல்ல. 1887-ல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு கூடத்துக்குள் ஆடத் தொடங்கி, பேஸ்பாலுக்குத் தங்கையாக வளர்ந்த ஆட்டம் இது. நாலு மூலையில் நாலு 'பேஸ்'. ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் இடையே 60 அடி. பேஸ்பாலில் அதுவே 90 அடி. தாராவியில் அறுபதடி ரோடும் தொண்ணூறடி ரோடும் வைத்திருக்கும் நமக்கு இந்தக் கணக்கு மறக்காது! அந்த அறுபது அடியை ஒரே மூச்சில் ஓடி, சட்டென்று நின்று, திரும்பி, மறுபடியும் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தில் வரும் கால் வலியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதைவிட, அந்த வலியைப் பிள்ளைகள் நம்மிடம் ஏன் மறைக்கிறார்கள் என்பதைப் பற்றி.

சென்ற ஆண்டு ஜூலைக் கடைசி. செம்பூர் ஸ்டேஷன் படிக்கட்டில் என் மகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். பதினாலு வயது. "என்னம்மா?" என்றேன். "ஒண்ணும் இல்லப்பா." வீட்டுக்கு வந்ததும் உட்காரவைத்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே முன் எலும்பின் உள்பக்கத்தை லேசாகத் தொட்டேன். காலை இழுத்துக்கொண்டாள். மூன்று வாரமாகவே வலியாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே தருகிறேன்: "சொன்னா அம்மா விளையாட்டை நிறுத்திடுவா. சார்கிட்ட சொன்னா டீம்லேர்ந்து எடுத்துடுவார். நீங்க தைலம் தேச்சுக்கிட்டுப் படுன்னு சொல்வீங்க."

மூன்றும் உண்மை. என் மூத்த மகள் கூடைப்பந்து ஆடியவள். அவளுக்கு இதேபோல் வலி வந்தபோது, "பத்தாவது வருது, ஆடினது போதும்" என்று முடித்துவிட்டோம். வலி போயிற்று, கூடைப்பந்தும் போயிற்று. சின்னவள் அதைப் பார்த்துப் பாடம் படித்திருக்கிறாள்.

நம் வீடுகளில் இந்த வலிக்கு இரண்டே தீர்ப்பு. ஒன்று, "வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்." மற்றது, "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு இந்த ஓட்டம்?" இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

வளரும் வயதின் வலி என்று ஒன்று இருப்பது மெய்தான். ஆனால் அது பெரும்பாலும் சின்னக் குழந்தைகளுக்கு, இரண்டு கால்களிலும், இரவில் வருவது. காலையில் எழுந்து குதித்துக்கொண்டு ஓடிவிடும். ஓடும்போது வலித்து, ஓய்ந்தால் குறைந்து, ஒரு கால் நொண்ட வைப்பது அந்த வகை அல்ல. விளையாடும் பிள்ளைகளுக்குக் கணைக்கால் எலும்பின் உள்ளோரமாக வருவதை மருத்துவர்கள் ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்கிறார்கள். எலும்புக்கும் அதை ஒட்டிய தசைக்கும் தாங்கும் சக்திக்கு மேல் வேலை கொடுத்ததன் விளைவு. தொடக்கத்தில் ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், உடம்பு சூடேறியதும் மறையும், ஆட்டம் முடிந்ததும் திரும்பி வரும். "சூடானா சரியாப் போயிடும் சார்" என்று பிள்ளைகள் ஏமாறுவது இந்தக் கட்டத்தில்தான். அப்படியே ஓடிக்கொண்டிருந்தால் எலும்பில் மயிரிழை போன்ற விரிசல் விழலாம். அதுதான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்.

வீட்டில் ஓரளவு அடையாளம் காணலாம். வலி நாலு விரல் அகலத்துக்கும் மேலாகப் பரவியிருந்தால் பெரும்பாலும் முதல் வகை. ஒரு விரல் நுனியால் ஒரே இடத்தைத் தொட்டதும் துள்ளினால், அந்தக் காலில் மட்டும் நின்று குதிக்க முடியாவிட்டால், படுத்திருக்கும்போதும் வலித்தால் விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லையென்று நிம்மதி அடையாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரம் விரிசல் பல சமயம் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். வீக்கம், காய்ச்சல், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, மரத்துப்போதல் இவற்றில் எது இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்டவேண்டும். பெரிய செலவு என்று பயப்படவும் வேண்டாம். தாராவிக்கும் மாதுங்காவுக்கும் சயான் மருத்துவமனை கூப்பிடு தூரம். அங்கே எலும்புப் பிரிவு இருக்கிறது. க்யூவில் நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

சரி, ஏன் ஜூலையில் வந்தது? யோசித்துப் பார்த்தால் காரணம் நம் காலண்டரிலேயே இருக்கிறது. ஏப்ரலில் பரீட்சை முடிந்ததும் ரயிலேறி ஊருக்குப் போகிறோம். திருநெல்வேலிப் பக்கமோ பாலக்காட்டுப் பக்கமோ, பாட்டி வீட்டில் ஆறு வாரம். மாம்பழம், பனங்கிழங்கு இல்லாவிட்டாலும் நுங்கு, மதியத் தூக்கம். ஓட்டம் என்று பெயருக்குக்கூட இல்லை. ஜூன் நடுவில் பள்ளி திறக்கிறது. போட்டிக்கு அணி தேர்வு என்று அடுத்த வாரமே தினமும் பயிற்சி. அதே சமயம் மழை கொட்டி மைதானம் சேறாகிவிடுவதால், பயிற்சி பள்ளி முற்றத்துக்கு மாறுகிறது. முற்றம் என்றால் சிமெண்ட், அல்லது பேவர் பிளாக். காலில் என்ன? இரண்டு வருஷம் உழைக்கட்டும் என்று நாம் ஒரு சைஸ் பெரிதாக வாங்கிக்கொடுத்த கான்வாஸ் ஷூ.

இது புதிய நோயும் அல்ல. 1855-லேயே பிரைதாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைப் பற்றி எழுதிவைத்தார். 1895-ல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் அது எலும்பு விரிசல் என்று விளங்கியது. பழக்கமில்லாத உடம்பைத் திடீரென்று அணிவகுப்பில் தள்ளினால் என்ன ஆகுமோ, அதுதான் விடுமுறை முடிந்து வந்த நம் பிள்ளைகளுக்கும் ஆகிறது. ஊரில் இருக்கும்போதே வாரத்தில் மூன்று நாள், கண்மாய்க் கரையிலோ வயல் வரப்பிலோ அரைமணி நேரம் ஓடிவிட்டு வந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

தாய்மார்களிடம் ஒரு வார்த்தை. காலையில் ஒரு டம்ளர் காப்பியோடு பள்ளிக்கு ஓடும் பெண், மதியம் டப்பாவைப் பாதியிலேயே மூடும் பெண், மாலையில் ஒரு வடா பாவோடு இரண்டு மணி நேரம் ஓடுகிறாள். உடம்பு எதை எடுத்து எலும்பைச் செப்பனிடும்? கடுமையாக ஆடி, குறைவாகச் சாப்பிடும் பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதும் நின்றுபோவதும் உண்டு. "நல்லதாப் போச்சு, தொந்தரவு இல்லை" என்று விட்டுவிடக் கூடாது. எலும்பு பலவீனப்படுகிறது என்பதற்கு அது ஓர் எச்சரிக்கை. மூன்று மாதம் வராவிட்டால் மருத்துவரிடம் சொல்லவேண்டும். விலை உயர்ந்த பவுடர் டப்பாக்களைத் தேடவேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதே அளவு பாலில் சுமார் 120தான். நம் பாட்டிகளின் கேழ்வரகுக் கூழை நாமே கௌரவக் குறைச்சல் என்று ஒதுக்கிவிட்டோம்.

இனி வைத்தியம். வலிக்கும் ஓட்டத்தை நிறுத்தவேண்டும், விளையாட்டை அல்ல. இந்த வேறுபாடுதான் நம் வீடுகளில் யாருக்கும் புரிவதில்லை. பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். தைலம் தேய்த்தால் இதமாக இருக்கும், குற்றமில்லை. ஆனால் தைலம் பூசியும் ஸ்ப்ரே அடித்தும் மாத்திரை விழுங்கியும் மைதானத்துக்கு அனுப்புவது கொடுமை. ஓடாத நாட்களில் சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம், உட்கார்ந்தபடி பந்து பிடித்துப் பழகலாம். வலி அடங்கியதும் படிக்கட்டு விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி. வலியில்லாமல் வேகமாக நடக்க முடிந்தபின் ஒருநாள் விட்டு ஒருநாள் மெதுவோட்டம். முழுவேக ஓட்டம் கடைசியில். ஷின் ஸ்பிளின்ட்ஸ் என்றால் சில வாரங்கள், விரிசல் என்றால் இரண்டு மூன்று மாதங்கள் பொறுக்கவேண்டியிருக்கும்.

"அவ்வளவு நாளா? பத்தாம் வகுப்பு ஸ்போர்ட்ஸ் மார்க் என்ன ஆவது?" என்று கேட்கும் பெற்றோரையும் நான் அறிவேன். அவர்களுக்கு பி.வி. சிந்துவைச் சொல்வேன். 2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற கையோடு, இடது காலில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று தெரிந்தது. அந்த மாதமே நடந்த உலகச் சாம்பியன் போட்டியை விட்டுக்கொடுத்தார். 2023 ஜனவரியில்தான் மறுபடி மட்டையைப் பிடித்தார். உலகப் பட்டத்தை விட்டுக்கொடுக்க அவரால் முடிந்தது. நம்மால் ஜில்லா போட்டியை விட முடியவில்லை.

பயிற்சியாளர்களும் மாறவேண்டும். வலி என்று சொன்ன பிள்ளையின் பெயரை அடித்துவிட்டால், அடுத்த பிள்ளை வாயைத் திறக்காது. எங்கள் பள்ளி ஆசிரியரிடம் போய்ப் பேசினேன். முதலில் முகம் சுளித்தார். பிறகு, தானும் ஆடிய காலத்தில் இப்படி மறைத்து ஓடியதைச் சொல்லிச் சிரித்தார். மகளை அணியிலேயே வைத்து, ஸ்கோர் எழுதும் வேலை கொடுத்தார். அந்தப் பருவத்தின் போட்டிகள் எல்லாவற்றுக்கும் அவள் நோட்டும் பென்சிலுமாகப் போய்வந்தாள். டிசம்பரில் மறுபடி ஓடினாள்.

அன்று மாலை அவள் சேறு படிந்த ஷூவோடு வீட்டுக்குள் வந்தபோது பெரியவள் பார்த்துக்கொண்டிருந்தாள். "எனக்கும் அப்பவே ரெண்டு மாசம் ரெஸ்ட் கொடுத்திருந்தாப் போதும்தானேப்பா?" என்று கேட்டாள். நானும் என் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.