புது வண்டிக் கோஷ்டியும் பழைய வண்டிக் கோஷ்டியும்

எங்க மாமா ஒரு வண்டி வாங்கப் போறார். அதுல ஆரம்பிச்சது சண்டை.

ஊர் ஜமுனாமரத்தூர் பக்கம், ஜவ்வாது மலை. சாமை மூட்டையும் புளியும் போளூருக்கு இறக்கணும், திரும்பி வரும்போது குடும்பத்தை ஏத்தணும். இவ்வளவுதான் தேவை. மாமா மனசுல இருப்பது 2008 மாடல் சுமோ. "மாப்ளே, அந்தக் காலத்து தகடுடா. இடிச்சா எதிர்ல வர்றவன்தான் நசுங்குவான்." மாமா பையனுக்கோ புது வண்டிதான் வேணும், அதுவும் மேல கண்ணாடிக் கூரை வெச்சது. (மழை மேகத்தைப் பார்க்கவாம்!) கார் பைத்தியம் என்ற முறையில் பஞ்சாயத்து என்கிட்ட வந்தது. ரெண்டு பேரையும் திட்டினேன். அந்தத் திட்டுதான் இது.

முதலில் புது வண்டிக்காரன். நான் பி.காம் படிக்கிறவன், கணக்கு போடாமல் இருக்க முடியாது. எட்டு லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஏழு வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 12,870 ரூபாய். வட்டி மட்டும் 2.8 லட்சம். வண்டி மதிப்பு என்ன ஆகும்? இன்சூரன்ஸ்காரர்களின் தேய்மான அட்டவணையைப் பாருங்கள். ஆறு மாசம் தாண்டினால் 15 சதவீதம் கழிவு, நாலு வருஷம் தாண்டினால் 50 சதவீதம். அதாவது பாதி வண்டி காற்றில் போன பிறகும் தவணை ஓடிக்கொண்டே இருக்கும். சாமை விலை ஒரு வருஷம் சறுக்கினால் அந்த 12,870 எங்கிருந்து வரும்? "புதுசுன்னா டென்ஷன் இல்ல" என்கிறவன் இதற்கு பதில் சொல்லட்டும்.

இப்போ மாமா. தகடு கெட்டி என்பது சுத்தப் பொய் இல்லை, கெட்டிதான். பிரச்சினையே அதுதான். மோதலில் வண்டியின் முன்பக்கம் நசுங்கணும். நசுங்கும்போதுதான் அடியை அது வாங்கிக்கொள்ளும். நசுங்காத வண்டி அந்த அடியை அப்படியே உள்ளே இருப்பவன் நெஞ்சுக்கு அனுப்பிவிடும். வண்டி தப்பிக்கும், ஆள் தப்பிக்க மாட்டான். "பழைய வண்டிக்கு ஒண்ணுமே ஆகல பாரு" என்று பெருமை பேசுகிறவர்களிடம், உள்ளே இருந்தவருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுப் பாருங்கள்.

செலவும் அப்படித்தான். 15 வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ஆனது. 20 வருஷம் தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். மலிவு என்று வாங்கினால் மலிவாக ஓடாது மாமா.

பின்னே எதைத்தான் வாங்குவது? 2019-ஐ ஞாபகம் வையுங்கள். அந்த ஏப்ரலிலிருந்து விற்ற புதுக் கார்களுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம், ஜூலையிலிருந்து டிரைவர் ஏர்பேக் கட்டாயம். பக்கத்து சீட்டு ஏர்பேக் 2022 ஜனவரியில்தான் கட்டாயமானது. ஆக 2020 மாடல் வண்டி ஒன்றில் ஏ.பி.எஸ்., ஏர்பேக் ரெண்டும் இருக்கும், விலையில் பாதியை முதல் ஓனர் ஏற்கனவே அழுது முடித்திருப்பார். அவர் அழுததை நீங்கள் ஏன் திரும்ப அழணும்?

மிச்சமாகும் காசில் டயரும் பிரேக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018-ன் 23-வது வாரம் செய்தது. பூ தெரிகிறதே என்று ஏமாறாதீர்கள், ரப்பர் வயசாகி விறைத்துப் போயிருக்கும். பிரேக் ஆயில் இன்னும் மோசம். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயில் புதுசாக இருந்தால் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் சேர்ந்தால் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். மூட்டையோடு மலை இறங்கும்போது காலை பிரேக்கிலேயே வைத்திருந்தால் அந்தச் சூடு வந்துவிடும். கொதித்தால் ஆவி, ஆவி வந்தால் பெடல் தரையைத் தொடும். சமவெளிக்காரனுக்கு இது பாடம், எங்களுக்கு இது வளைவு.

அப்புறம் இந்த நியூட்ரல் வீரர்கள்! டீசல் மிச்சமாம். இப்போதைய இன்ஜெக்ஷன் இன்ஜினில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால் எரிபொருளே போகாது. நியூட்ரலில்தான் இன்ஜின் ஓட டீசல் குடிக்கும். இதில் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிற மகாத்மாக்களும் உண்டு. நாலு மிதி மிதித்தால் பூஸ்டர் காலி, பிரேக் கல்லாகிவிடும். செகண்ட் கியர் போடுங்க சாமி.

2022 ஏப்ரலில் புதூர்நாடு பக்கம் செம்பரை மலைக்கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போன வேன் பள்ளத்தில் உருண்டு 11 பேர் செத்தார்கள். காரணம் இன்னதென்று நான் தீர்ப்பு சொல்ல வரவில்லை. ஆனால் அதற்கப்புறம் 'தகடு கெட்டி' என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வருகிறது.

போன ஞாயிறு மாமா அந்த சுமோவைப் பார்க்க என்னையும் கூட்டிப் போனார். புரோக்கர் பாட்டெல்லாம் போட்டுக் காட்டினார், சத்தம் பிரமாதம். நான் டார்ச்சோடு கீழே படுத்து டயரைப் பார்த்தேன். நாலு டயரில் மூன்று 2016. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்தால் கடுங்காப்பி நிறம். மாமா ஒன்றும் பேசவில்லை. அட்வான்ஸுக்கு என்று வேட்டியில் முடிந்து வைத்திருந்த பணத்தோடு பஸ்ஸில் ஏறி ஊர் வந்து சேர்ந்தோம்.