பலி என்னும் சொல்

மூளைக்கட்டிக்கான மருந்தாய்வுக் கட்டுரைகளை வாசிக்கையில் ஒரு சொல் நம்மை இடறிவிடுகிறது. எலியின் மூளையில் புற்றணுக்களை ஊசியால் விதைத்து, மருந்து செலுத்தி, குறித்த நாளில் கொன்று, மூளையை மெல்லிய சீவல்களாக்கிப் பார்க்கிறார்கள். அந்தக் கொலைக்கு ஆங்கிலத்தில் அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'சாக்ரிஃபைஸ்'. தமிழில் பலி. நவகண்டம் கொடுத்த வீரன் யாருக்காகத் தன் தலையைத் தருகிறோம் என்று அறிந்திருந்தான். எலி அறியாது, ஆகவே அதை அறிய வேண்டிய கடன் கொல்பவருடையது.

இச்சோதனைகளே கூடாது என்பாரோடு நாம் சேரவில்லை. டெமோசோலமைடு எலிகளைக் கடந்தே மனிதரிடம் வந்தது. 2005-இல் வெளியான பெரும் ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்ற கிளையோபிளாஸ்டோமா நோயாளிகளில் பாதிப்பேர் 12.1 மாதங்களைக் கடந்தனர். இம்மருந்தும் பெற்றோரில் பாதிப்பேர் 14.6 மாதங்களை. இரண்டரை மாதந்தானே என்பவர்கள் அந்தக் கட்டிலருகே அமர்ந்திராதவர்கள்.

நம் மனக்குறை வேறு. 1968-இல் அறிவிக்கப்பட்ட சி-6 என்னும் எலிக்கட்டியை ஏற்கும் எலியின் உடல், அதை அயலானாகக் கண்டு தானே எதிர்க்கக்கூடும். கட்டி சுருங்கினால் புகழ் மருந்துக்கா, எலிக்கா? மனிதரிடமிருந்து எடுத்த யூ-87 அணுக்களின் கதை இன்னும் கசப்பானது. 1960-களில் சுவீடனின் உப்சாலாவில் ஒரு நோயாளியின் கட்டியிலிருந்து அவை வளர்க்கப்பட்டதாக உலகம் நம்பியது. நோயெதிர்ப்பாற்றல் குன்றிய சுண்டெலிகள் தலைமுறை தலைமுறையாக அவற்றைத் தலையில் சுமந்து மடிந்தன. 2016-இல் உப்சாலா ஆய்வாளர்களே, பாதுகாத்து வைத்திருந்த மூலத் திசுவோடு ஒப்பிட்டு, உலகெங்கும் விநியோகிக்கப்பட்ட அணுக்கள் அந்த நோயாளியுடையவை அல்ல என்று காட்டினர். மூளைக்கட்டி அணுக்கள்தாம், ஆனால் யாருடையவை என்பது தெரியாது. (ஓர் ஏட்டுச்சுவடியின் மூலத்தை ஐயுறப் பழகிய நம் பதிப்பாசிரியர்கள் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்!)

பெயர்க்குழப்பத்தைக்கூடப் பொறுக்கலாம். மனிதக் கிளையோபிளாஸ்டோமா வேர்போல் மூளைக்குள் பரவுகிறது. அறுவைக்குப் பின்னும் மீள்வது அதனால்தான். சுண்டெலியில் யூ-87 பெரும்பாலும் எல்லை தெளிந்த உருண்டையாகவே வளர்கிறது. அந்த உருண்டையை வென்ற மருந்து பரவும் வேரை என்ன செய்யும்?

நோயாளியின் கட்டியிலிருந்து நேரே எடுத்து, அதன் இயல்பு கெடாமல் வளர்த்த அணுக்களைச் சுண்டெலிக்குள் வைக்கும் வழி உண்டு. அவை மனிதக்கட்டியைப் போலவே பரவுகின்றன. ஆனால் வளர மாதக்கணக்கில் ஆகலாம், செலவும் மிகுதி. யூ-87-க்கோ சில வாரங்கள் போதும். 2016-க்குப் பிறகு வந்த கட்டுரைகளிலும் அதன் பெயரை நாம் காண்கிறோம்.